சூரியனின் மையத்து அதிர்வு: கிடைத்துவிட்டதா, இன்னும் தேடுகிறார்களா?

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மேலப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் வானியல் மன்றம் நடத்துகிறேன். இஸ்ரோவின் ஆதித்யா விண்கலம் கிளம்பியதிலிருந்து பிள்ளைகள் சூரியனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இப்போது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் கொண்டுவந்து காட்டினாள். "சூரியனின் மையம் வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று இருந்தது. 2017-ல் வந்த செய்தி அது, யாரோ புதுசு மாதிரி திரும்பவும் ஓட்டிவிட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் பெரிய கண்டுபிடிப்பு என்று இருக்கிறது, இன்னொரு பக்கம் அது நிற்காது என்று இருக்கிறது. ஜி-மோட் என்று ஒரு அதிர்வு உண்டு, அது பிடிபட்டால்தான் மையத்தின் சுழற்சி தெரியும் என்கிற வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் வகுப்பில் நின்று சொல்கிற அளவுக்குத் தெளிவு வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள். நம்ம ஆதித்யா இதைத் தேடுமா என்பதையும் சொல்லுங்கள்.

பாளை_சுப்பு:
அண்ணாச்சி, முதலில் கிடைத்துவிட்ட அதிர்வைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கிடைக்காததற்கு வரலாம். 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் லெய்ட்டனும் நோயஸும் சைமனும், சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1970-ல் உல்ரிச்சும் அடுத்த ஆண்டு லெய்பாக்கரும் ஸ்டைனும், அது சூரியனுக்குள் மாட்டிக்கொண்ட ஒலி அலை என்றார்கள். 1975-ல் டாய்ப்னர் எடுத்த அளவீடு அதை உறுதி செய்தது. இவைதான் பி-மோட். இவற்றில் அலையைத் திரும்பத் தள்ளுவது அழுத்தம். உள்ளே போகப்போக வெப்பம் கூடுவதால் ஒலியின் வேகமும் கூடி, அலை வளைந்து மேலே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு மோடும் வேறுவேறு ஆழம் வரைக்கும் போய்த் திரும்புவதால், ஆயிரக்கணக்கான மோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் சூரியனின் உள் அமைப்பு அடுக்கடுக்காகக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் மையத்தை எட்டுகிற பி-மோடுகள் கொஞ்சம்தான். அவையும் அங்கே நொடிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் கடந்து போய்விடுகின்றன. இருக்கிற நேரமே குறைவு என்பதால் மையத்தைப் பற்றி அவை சொல்வதும் குறைவு. ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே சுழற்சி என்ன என்று கேட்டால் பி-மோடிடம் உறுதியான பதில் கிடையாது.

ஜி-மோட் வேறு வகை. அங்கே திரும்பத் தள்ளுவது மிதப்பு விசை. ஆற்றில் நீச்சல் பழகும்போது சுரைக்குடுக்கையை அமுக்கிவிட்டால் குபுக்கென்று மேலே வந்து, ஆடி, நிலைக்கு வரும் இல்லையா, அந்த ஆட்டம்தான். சூரியனின் உட்பகுதியில் ஒரு துண்டு வாயுவை மேலே தள்ளினால் அது சுற்றியிருப்பதைவிடக் கனமாகிவிடும், கீழே இறங்கும், வந்த வேகத்தில் நிலையைத் தாண்டிப் போகும், மறுபடி மேலே ஏறும். இது பி-மோட் மாதிரி ஐந்து நிமிடக் கணக்கில் நடப்பதில்லை. அரை மணிக்கு மேல் தொடங்கி பல மணி நேரம் வரைக்கும் போகும். மையத்தில்தான் இதன் ஆட்டம் அதிகம் என்பதால் மையத்தின் சேதி இதில்தான் இருக்கிறது.

தென்காசி_சாரல்:
சுப்பு தம்பி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ஆடியில் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலைமேலாகவும் இறங்கி வரும்போது, எங்கள் ஊருக்குக் கிழக்கே சில நாள் மேகம் வரிவரியாக நிற்கும். காற்று அடித்துக்கொண்டே இருக்கும், வரி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவும் இதே கதைதானா?

பாளை_சுப்பு:
அதேதான் சார், இதை உவமை என்றுகூடச் சொல்ல வேண்டாம், இயற்பியலே ஒன்று. மலையில் மோதி மேலே தள்ளப்பட்ட காற்று கனத்து இறங்கி, மறுபடி ஏறி, அலையாகப் போகிறது. ஏறுகிற இடத்தில் மேகம் கட்டுகிறது, இறங்குகிற இடத்தில் கலைகிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே 1990-களிலிருந்து ரேடார் வைத்து 80, 90 கி.மீ. உயரத்தில் இந்த வகை அலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூமியின் வளிமண்டலத்தில் இதை நம் ஊரிலிருந்தே அளக்க முடிகிறது, சூரியனுக்குள்தான் பிடிபடவில்லை.

வள்ளியூர்_வாத்தியார்:
ஐந்து நிமிட அதிர்வை 60 வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். இதை ஏன் இன்னும் பார்க்க முடியவில்லை? கருவி போதவில்லையா, இல்லை வேறு தடை இருக்கிறதா? பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பாளை_சுப்பு:
வேறு தடைதான் சார். சூரியனின் ஆரத்தில் மையத்திலிருந்து 0.713 பங்கு வரைக்கும் அடுக்கு நிலையாக இருக்கிறது (இந்த எண்ணைத் துல்லியமாக்கியதில் 1997-ல் சர்பானி பாசுவும் ஆன்டியாவும் செய்த வேலைக்குப் பெரிய இடம் உண்டு, அவர்கள் எடுத்ததும் பி-மோட் வழியாகத்தான்). அதற்கு மேலே சுமார் 2 லட்சம் கி.மீ. தடிமனுக்கு வெப்பச்சலன மண்டலம், அதாவது சும்மா கொதித்துக்கொண்டிருக்கிற பகுதி. அங்கே மேலே தள்ளிய வாயு திரும்பி வராது, ஏறிக்கொண்டேதான் போகும். திரும்பத் தள்ளுகிற விசையே இல்லாத இடத்தில் ஜி-மோட் நடக்க முடியாது, தேய்ந்துகொண்டே வருகிறது. மேற்பரப்புக்கு வந்து சேரும்போது என்ன மிஞ்சும் என்பதற்கு மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபடுகின்றன. தாராளமாகச் சொல்பவர்களே நொடிக்குச் சில மில்லிமீட்டர் என்கிறார்கள், மற்றவர்கள் அதற்கும் வெகு கீழே.

இந்தச் சில மில்லிமீட்டரை எதன் மேல் தேட வேண்டும் என்று பாருங்கள். சூரியனின் மேற்பரப்பு முழுக்க ஆயிரம் கி.மீ. அகலக் கொப்புளங்கள், ஒவ்வொன்றிலும் வாயு நொடிக்கு ஒரு கி.மீ. அளவில் ஏறி இறங்குகிறது, பத்து நிமிடத்தில் ஒன்று போய் இன்னொன்று வருகிறது. அதற்கு மேல் 30 ஆயிரம் கி.மீ. அளவில் பெரிய ஓட்டங்கள், அவை ஒரு நாள் வரைக்கும் நிற்கும். காந்தப் புள்ளிகள் வேறு சூரியனோடு சேர்ந்து சுற்றுகின்றன. இந்த இரைச்சல் எல்லாம் ஜி-மோட் இருக்க வேண்டிய அதே குறைந்த அதிர்வெண்ணில்தான் கூடுதலாக இருக்கிறது. ஐந்து நிமிடப் பக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் பி-மோட் பளிச்சென்று தெரிந்தது.

குறுக்குத்துறை_கிழவர்:
தம்பி நன்றாகச் சொன்னார். நான் படித்த காலத்தில் நடந்த ஒன்றையும் சேர்க்கிறேன், பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 1976-ல் கிரிமியாவிலிருந்து செவெர்னி, கோடோவ், சாப் மூவரும் சூரியன் 160 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது என்று அறிவித்தார்கள். அதே சமயம் பர்மிங்ஹாமிலிருந்து ஐசக் குழுவும் அதையே சொன்னது. தனித்தனியாக இரண்டு இடம், ஒரே எண். ஜி-மோட் கிடைத்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது, எங்கள் பேராசிரியரும் வகுப்பில் அதைச் சொன்னார்.

ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். 160-ஐ 9-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து பகலில் மட்டும் சூரியனைப் பார்த்தால், காலையில் காற்றடுக்கு தடிப்பு, மதியம் மெலிவு, சாயங்காலம் மறுபடி தடிப்பு என்று தினமும் ஒரே மாதிரி வரும் மாற்றம் அளவீட்டில் புகுந்துவிடும். நாளைச் சரியாக ஒன்பது பங்காக வெட்டினால் வருகிற எண் சூரியனுடையது என்று நம்புவது கஷ்டம். பிற்பாடு விண்வெளியிலிருந்து இடைவிடாமல் பார்த்தபோது அந்த 160 நிமிடம் காணவே இல்லை.

அந்த இரவு இடைவெளியை ஒழிக்கத்தான் கிரெக், ஃபோசா, பொமரான்ட்ஸ் மூவரும் தென்துருவத்துக்கே போனார்கள். அங்கே கோடையில் சூரியன் மறையாது. ஐந்து நாள் தொடர்ச்சியாக எடுத்த அளவீட்டை 1980-ல் வெளியிட்டார்கள், பி-மோட் கோடுகள் வரிசையாகத் தெளிவாக வந்தன. 1995-லிருந்து காங் என்ற வலையமைப்பு உலகைச் சுற்றி ஆறு இடத்தில் நிற்கிறது, ஓர் இடத்தில் சாய்ந்தால் அடுத்த இடத்தில் சூரியன் உதித்திருக்கும். அந்த ஆறில் ஒன்று நம் உதய்ப்பூர்.

தென்காசி_சாரல்:
அப்போ ஆதித்யா? திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர். ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினைச் சோதிப்பது மகேந்திரகிரியில். ஊரே அந்தச் செப்டம்பர் 2 அன்று டிவி முன்னால்தான் இருந்தது. இதற்கும் அது உதவும் என்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

பாளை_சுப்பு:
பெருமை எனக்கும் உண்டு சார், ஆனால் இதற்கு அது செய்யப்பட்டதில்லை. 2023 செப்டம்பரில் கிளம்பி 2024 ஜனவரி 6-ல், பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கிற எல்-1 புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் இருக்கிற ஏழு கருவிகள் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் பார்க்கும், புறஊதாவில் படம் எடுக்கும், எக்ஸ் கதிர் அளக்கும், சூரியக் காற்றையும் காந்தப்புலத்தையும் பார்க்கும். மேற்பரப்பின் வேகத்தை இடைவிடாமல் அளந்து அதிர்வு தேடுகிற கருவி அதில் இல்லை. அதைச் செய்வது அதே எல்-1 பக்கம் 1996-லிருந்து நிற்கும் சோஹோ விண்கலத்தில் இருக்கிற கோல்ஃப் என்ற கருவி. பிள்ளைகளிடம் ஆதித்யா ஜி-மோடைத் தேடுகிறது என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், அது செய்கிற வேலையே பெரிய வேலை.

அம்பை_அலைவரிசை:
தாமதமாக வந்தேன். 2017 விஷயத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தொழில் சிக்னல் அலசுவது, சூரியன் என் சொந்த ஆசை. கோல்ஃப் தரவு பொதுவெளியில் கிடைக்கிறது, அதில் மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

கோல்ஃப் ஒரு சோடியம் ஆவிக் கலம். சூரிய ஒளியின் நிறமாலையில் இருக்கிற சோடியம் கோட்டில் ஒரு சரிவில் ஒளி எவ்வளவு என்று பார்க்கும், சூரியன் நம்மை நோக்கி அசைந்தால் கோடு நகரும், ஒளியின் அளவு மாறும், அதிலிருந்து வேகம் கிடைக்கும். கோட்டின் இரண்டு சரிவையும் மாற்றி மாற்றிப் பார்க்கத்தான் திட்டம். தொடக்கத்திலேயே அந்த மாற்றும் பொறி மக்கர் செய்ததால் ஒரு சரிவில் மட்டும் ஓட வைத்தார்கள். 1998 ஜூனில் விண்கலத்தோடு தொடர்பே அறுந்து, சில மாதம் கழித்து மீட்டார்கள். அதற்குப் பிறகு சில ஆண்டு மறு சரிவில் ஓடியது, அப்புறம் மறுபடி பழைய சரிவு. இத்தனைக்கும் நடுவில் அந்தத் தரவை இந்தத் தரத்துக்குக் கொண்டுவந்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

2007-ல் கார்சியா குழு, ஜி-மோடுகள் காலத்தில் ஏறக்குறைய சம இடைவெளியில் (24 நிமிடம்) அடுக்கியிருக்க வேண்டும் என்ற கணக்கை வைத்து அந்த இடைவெளியின் சாயலைக் கண்டோம் என்றார்கள். தனித்தனி மோட் எதையும் காட்டவில்லை. 2010-ல் இந்தத் தேடலில் இருந்தவர்களே சேர்ந்து எழுதியபோது, ஐயத்துக்கு இடமில்லாத கண்டுபிடிப்பு இதுவரை இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

2017-ல் வந்தது ஏரிக் ஃபோசா குழுவின் கட்டுரை. ஆமாம், தென்துருவத்துக்குப் போன அதே ஃபோசா, வாழ்நாள் முழுக்க இதைத் தேடியவர். அவருடைய யோசனை எனக்கு இப்போதும் பிடிக்கும். ஜி-மோடை நேரே தேட வேண்டாம், மையம் வழியாகப் போகிற ஒலி அலையிடம் கேட்போம் என்றார். ஒரு ஓரத்தில் கிளம்பிய ஒலி மையம் வழியாக மறு ஓரம் போய்த் திரும்ப 4 மணி 7 நிமிடம் ஆகும். மையத்தில் ஜி-மோட் ஆடினால் அந்த நேரம் துளியூண்டு கூடும், குறையும். 16 ஆண்டுக்கு மேற்பட்ட தரவை 8 மணி நேரத் துண்டுகளாக, 4 மணிக்கு ஒன்றாக நகர்த்தி வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அந்தப் பயண நேரத்தை எடுத்தார்கள். அந்த நேரங்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று அலசியபோது 210 நானோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை எழுந்தது. அங்கிருந்து தொடங்கி, மையம் வாரத்துக்கு ஒரு சுற்று, அதாவது அதை ஒட்டிய உட்பகுதியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகம் என்று வந்து நின்றார்கள்.

அடுத்த ஆண்டு ஷுன்கரும் கூட இருந்தவர்களும் அதே தரவில் அதே முறையைத் திரும்பச் செய்தார்கள். அவர்கள் மாற்றிப் பார்த்தவற்றில் ஒன்று, தரவு தொடங்கும் நேரம். 16 வருஷத் தொடரின் தொடக்கத்தைச் சில மணி நேரம் தள்ளி வைத்ததும் அந்த முனை காணாமல் போனது. 2019-ல் ஆப்பூர்ஷோவும் கோர்பாரும் சரிபார்த்தார்கள், ஷெரரும் காஃபும் வேறு கருவிகளின் தரவையும் எடுத்துப் பார்த்தார்கள், யாருக்கும் அது நிற்கவில்லை.

நானும் செய்து பார்த்தேன். அவர்கள் சொன்ன அமைப்பில் ஓட்டியபோது 210-ல் முனை எழுந்ததும் எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே. பிறகு தொடக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளினேன். முனை சரிந்தது. இன்னும் தள்ளினேன். பக்கத்து இரைச்சலோடு கலந்து, எது எது என்றே தெரியவில்லை. சூரியனின் மையம் நான் காலை 6 மணிக்கு எண்ணத் தொடங்கினேனா 8 மணிக்கா என்று பார்த்துக்கொண்டு ஆடாது. என் தீர்ப்பு: 2017 முடிவைக் கண்டுபிடிப்பு என்று சொல்லக் கூடாது. முறை அழகானது, முடிவு நிற்கவில்லை.

வள்ளியூர்_வாத்தியார்:
அம்மா, ஒரு சந்தேகம். அங்கே ஜி-மோட் என்ற ஒன்று இல்லவே இல்லை என்று ஆகிவிட வாய்ப்பு உண்டா?

அம்பை_அலைவரிசை:
இல்லை சார். நிலையான அடுக்கும் மேலே கொதிப்பும் இருந்தால் அந்த அலை கிளம்பியே தீரும், எவ்வளவு வலுவாக என்பதுதான் கேள்வி. வேறு விண்மீன்களில் பார்த்தாயிற்று. எரிந்து முடிந்த சிறு விண்மீன்களான வெள்ளைக் குள்ளன்களில் இதை வெகு காலமாகப் பார்க்கிறார்கள். 2011-ல் கெப்ளர் தொலைநோக்கி சிவப்புப் பெருவிண்மீன்களில் பி-யும் ஜி-யும் கலந்த மோடுகளைக் காட்டியது. அங்கே உள்ளே ஆடுகிற ஜி-மோட் வெளியே ஆடுகிற பி-மோடோடு இணைந்துகொள்வதால் சேதி மேலே வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டே அவற்றில் சிலவற்றின் மையம் மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று அளந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருப்பதன் மையம் தெரிகிறது, தினமும் தலைக்கு மேல் காய்கிறதன் மையம் தெரியவில்லை. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

சாத்தான்குளம்_ராஜா:
படித்துக்கொண்டே வருகிறேன், கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்க வேண்டாம். மையம் வாரத்தில் சுற்றினால் என்ன, மாதத்தில் சுற்றினால் என்ன? சில மில்லிமீட்டருக்கு இத்தனை பேர், இத்தனை வருஷம், இத்தனை செலவு தேவையா?

குறுக்குத்துறை_கிழவர்:
கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. ரேமண்ட் டேவிஸ் 1960-களின் கடைசியில் ஒரு சுரங்கத்துக்குள் தொட்டி வைத்துச் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சூரியனைப் பற்றிய கணக்கே தப்பு என்று பலர் சொன்னார்கள். பி-மோட் அளவீடு வந்து, சூரியனுக்குள் ஒலியின் வேகம் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று காட்டியது. அப்படியானால் பிசகு நியூட்ரினோ பக்கம் என்று ஆயிற்று. 2001, 2002-ல் கனடாவின் சட்பரி ஆய்வகம், நியூட்ரினோ வழியில் வகை மாறுகிறது என்று நிரூபித்தது. அதற்கு நிறை உண்டு என்பது அதனாலும் உறுதிப்பட்டது. மேற்பரப்பின் நடுக்கத்தை அளந்தவர்கள் துகள் இயற்பியலின் வழக்கில் சாட்சி சொன்னார்கள்.

இப்போதும் ஒரு வழக்கு நிற்கிறது. சூரியனில் கார்பன், ஆக்சிஜன் எல்லாம் எவ்வளவு என்று 2000-களில் அஸ்ப்லண்ட் குழு திருத்தி, முன்பைவிடக் குறைவு என்றது. அந்த எண்ணைப் போட்டால், அத்தனை நாள் பொருந்தி வந்த ஒலி வேகம் பொருந்த மாட்டேன் என்கிறது. 2020-ல் இத்தாலியின் போரெக்சினோ, கார்பன் நைட்ரஜன் ஆக்சிஜன் சுழற்சியில் பிறந்த நியூட்ரினோவைப் பார்த்தது, கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. ஜி-மோட் ஒன்றிரண்டு பிடிபட்டால் மையத்தின் அடர்த்தியும் கலவையும் நேராகவே தெரியவரும்.

சாத்தான்குளம்_ராஜா:
நியூட்ரினோ கதை எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

பாளை_சுப்பு:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தேடல் முழுக்க ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2018-ல் சூரியனின் மேற்பரப்பில் ராஸ்பி அலைகளும், 2021-ல் கிசோன் குழுவின் வேலையில் சூரியச் சுழற்சியால் எழுகிற இன்னும் பல மெதுவான அதிர்வுகளும் கிடைத்தன. பத்து ஆண்டுத் தரவைப் பொறுமையாகச் சேர்த்ததால் வந்தது. அவை வாழ்வது வெப்பச்சலன மண்டலத்தில் என்பதால் மையத்தைப் பற்றிப் பேச மாட்டா. ஆனால் பல வாரக் கால அளவில் மெதுவாக ஆடுவதைக்கூடச் சூரியனிடமிருந்து எடுக்க முடிகிறது.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மாணவியிடம் நாளைக்கே சொல்லப் போகிறேன்: மையம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று இன்னும் யாரும் அளக்கவில்லை, 2017-ல் அளந்தோம் என்றவர்களின் விடை மறு சோதனையில் நிற்கவில்லை. 160 நிமிடக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு அவர்களையே கண்டுபிடிக்க வைக்கலாம் என்று இருக்கிறேன். அம்பைத் தங்கச்சி, பிள்ளைகள் தாங்களே தரவை எடுத்துப் பார்க்க முடியுமா? பள்ளியில் கணினி இருக்கிறது, பைத்தான் ஓரளவு தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள்.

அம்பை_அலைவரிசை:
தாராளமாக முடியும் அண்ணாச்சி. ஜி-மோடில் தொடங்க வேண்டாம், சோர்ந்துபோவார்கள். பர்மிங்ஹாம்காரர்களின் பைசன் வலையமைப்பு தன் தரவைத் திறந்து வைத்திருக்கிறது, அதில் ஒரு வருஷத் தொடரை இறக்கி, அதை அதிர்வெண்களாகப் பிரிக்கிற ஃபூரியே மாற்றம் போடச் சொல்லுங்கள். 3 மில்லிஹெர்ட்ஸைச் சுற்றி வரிசையாகக் கோடுகள் எழும். ஒரே வகைக் கோடுகளுக்கு நடுவே இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள், 135 மைக்ரோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 1-ஐ அதனால் வகுத்தால் சுமார் இரண்டு மணி நேரம். ஒலி சூரியனை ஒரு முறை குறுக்கே கடக்கிற நேரம் அது, அதை அவர்களே அளந்திருப்பார்கள். அதற்குப் பிறகு 0.4 மில்லிஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக்கிக் காட்டுங்கள், இரைச்சல் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். மன்றம் கூடுவது சனிக்கிழமை என்றால் நானே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், நிரலைக் கொண்டுவருகிறேன்.

பொருநைக்கரை:
சனிக்கிழமைதான், மதியம் இரண்டு மணிக்கு. புரொஜெக்டர் இருக்கிறது. ஜங்ஷனில் இறங்கியதும் ஒரு போன் போடுங்கள், பையன் ஒருத்தனை அனுப்புகிறேன்.